தோடம்பழ நிறம்

மருந்து தொடங்கிய அன்றே மிஸ்ஸி சொல்லிவிட்டா:
"சலம் தோடம்பழ நிறத்தில போகும்,
பயப்பட வேண்டாம்."
நான் பயப்படவில்லை.
அதுதான் பிழையாகிப் போனது.

இருமலைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள்.
எத்தனை கிழமை, சளியில் இரத்தமா,
வீட்டில் எத்தனை பேர், எல்லாரும் ஒரே அறையா.
சல்லிக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர்
எங்கள் ஜன்னல்களை எண்ணி எழுதினார்.
இரவில் நான் எத்தனை தரம் எழும்புகிறேன் என்று
எண்ண ஒருவரும் இல்லை.
இருமலுக்காகத் தனியே போட்ட பாய்,
கதவோடு ஒட்டிய மூலை.
போய்வர வசதி.

ஒன்பது. சில இரவுகளில் பதினொன்று.
ஒவ்வொரு தரமும் ஒரு கரண்டி அளவுதான்.
முடிகிற இடத்தில்
மிளகாய் அரைத்த விரலைக்
கண்ணில் வைத்தது போல.

பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக் கதவுக்குக் கொளுக்கி இல்லை.
ஒருத்தி வெளியே நின்று பிடிக்க வேண்டும்.
முகக்கவசம் போட்டவளுக்குப் பிடிக்க யார் வருவார்கள்?
தண்ணீரை நிறுத்தினேன்.
அப்படியும் கணித பாடத்தில் கை உயர்த்தினால்
பின்வாங்கிலிருந்து கஜேந்தன் மெதுவாகச் சொல்வான்:
"நாலாவது."
அவன் வேறு எந்தக் கணக்கும் சரியாகச் செய்ததில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக்.
பஸ் நிலையத்தடியில் மான்கள் நிற்கும்,
லஞ்ச் பேப்பரை மென்றபடி.
ஒரு பெண்மான்
ஓட்டோக்களுக்கு நடுவே
பின்கால்களைச் சற்று அகட்டி
ஊரே பார்க்கப் பெய்துவிட்டுப் போனது.
கால்களை இறுக்கிக்கொண்டு
பொறாமையோடு பார்த்தேன்.

கிளினிக் கழிப்பறைக்கு ஒரே சாவி.
தொலையாமலிருக்க மரத்துண்டில் கட்டியிருக்கும்.
அன்று அது என் கைக்கு வரவேயில்லை.
கதவைத் தட்டினேன்.
திறந்தவள் கிண்ணியாப் பிள்ளை,
அபாயாவின் நுனியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.
நான் முடித்துக் கதவைத் திறக்க
மறுபடியும் அவளே நின்றாள்.
"நீயுமா?"
அவ்வளவுதான் கேட்டாள்.

பெயர் சஸ்மிலா. பதினாறு வயது.
பாலம் கடந்து வரும் பஸ்ஸுக்குப் பயந்து
முதல்நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் குடிப்பதில்லை.
"எரியுதா?" என்றேன்.
"எரியுது. சிவப்பாவும் போகுது.
மருந்துச் சிவப்பில்ல. வேற சிவப்பு."

வேறு சிவப்பு.
வீட்டுக்குப் போய்
வெள்ளைப் பேணியில் பிடித்துப் பார்த்தேன்.
தோடம்பழத்துக்கு அடியில்
நூல் போல ஒன்று கிடந்தது.
எத்தனை நாளாய்க் கிடந்ததோ.
நிறத்துக்குக் காரணம் சொல்லப்பட்டிருந்ததால்
நான் குனிந்து பார்க்கவேயில்லை.

அடுத்த செவ்வாய் இருவரும் ஒன்றாக உள்ளே போனோம்.
ஒவ்வொருவராக வரச் சொன்னார் டொக்டர்.
அசையவில்லை.
சஸ்மிலா என் நோயைச் சொன்னாள்.
நான் அவளுடையதைச் சொன்னேன்.
அடுத்தவளுடையது என்றால் நாக்குக் கூசவில்லை.
டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்,
முதல் தடவையாக,
"எவ்வளவு நாளா?"

ஆளுக்கு மூன்று போத்தல்.
மூன்று விடியற்காலையின் முதற்சலம்.
சிறுநீரகம் வரை போயிருக்கலாமாம்,
போகாமலும் இருக்கலாமாம்.
கிருமி வளருதா என்று ஆறு கிழமை பார்க்க வேண்டுமாம்.
குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டுமாம்.

எங்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லை.
"மீன் பெட்டிக்குள்ளயா?"
அம்மா தலையில் கைவைத்தா.
அண்ணன் ஒன்றும் பேசவில்லை.
சூரை விற்று முடிந்த ரெஜிபோம் பெட்டியை
இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி
ஐஸ் உடைத்துப் போட்டு
போத்தலை நிமிர்த்தி வைத்தான்.
அது சரியாமலிருக்க
ஒரு பக்கம் தன் பழைய சாரத்தைச் சுருட்டி அணைகொடுத்தான்.

ஆய்வுகூடத்தில் வரிசை.
வாங்கில் ஆண்கள், பிள்ளைத்தாய்ச்சிகள்,
எங்கள் ஊர் ஓட்டோக்காரர் ஒருவரும்.
யன்னலுக்குள்ளிருந்த மனிசன்
போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து
பெயர் நனைந்து அழிந்துபோனதைப் பார்த்து
சத்தமாகக் கேட்டார்:
"இது ஆற்ர?"

வாங்கு முழுக்கத் திரும்பியது.
மீன் மணத்த போத்தலில்
காலைவெயில் பட்டுத் தோடம்பழமாய் நின்றது.

"என்ர," என்றேன்.
எனக்குப் பின்னாலிருந்து
பொலித்தீன் பையொன்று உயர்ந்தது.
"இந்த மூண்டும் என்ர."